செவ்வாயில் அடுக்குப் பாறைகள்: போட்டது தண்ணீரா, காற்றா, சாம்பலா?

வரிவரியாகப் பிளந்து நிற்கும் ஒரு பாறையின் படம் செவ்வாயிலிருந்து வந்துவிட்டால் போதும், ‘அங்கே ஏரி இருந்தது’ என்று மறுநாளே செய்தி வந்துவிடும். நிதானமாகப் பார்த்தால், அடுக்கு நமக்குச் சொல்வது ரொம்பக் குறைவு. எல்லாம் ஒரே சீராகப் படிந்திருந்தால் வரி விழுந்திருக்காது. வந்து விழுந்த துகளின் அளவோ வகையோ வேகமோ இடையிடையே மாறியிருக்கிறது, அல்லது கொஞ்ச காலம் எதுவும் படியாமல் நின்றிருக்கிறது. அவ்வளவுதான். கொண்டுவந்து கொட்டியது யார் என்று வரி சொல்வதில்லை.

செவ்வாயைப் பொறுத்தவரை சந்தேகப் பட்டியல் நீளமானது. ஓடும் தண்ணீர், தேங்கிய தண்ணீர், காற்று, எரிமலைச் சாம்பல், விண்கல் மோதியபோது தரையோடு பாய்ந்த புழுதி வெள்ளம், பனியோடு சேர்ந்து இறங்கிய தூசி என ஆறு பேர். தூரத்திலிருந்து பார்த்தால் இவர்களில் பலருடைய கைவேலை ஒரே மாதிரிதான் இருக்கும்.

2000 டிசம்பரில் மைக்கேல் மாலினும் கென்னத் எட்ஜெட்டும், மார்ஸ் குளோபல் சர்வேயர் கலம் எடுத்த படங்களை வைத்து, செவ்வாயின் பழைய பள்ளங்களுக்குள் அடுக்கடுக்கான படிவுப் பாறைகள் இருப்பதை சயின்ஸ் இதழில் விரிவாகக் காட்டினார்கள். ஏரிகளில் படிந்திருக்கலாம் என்றார்கள். காற்றிலிருந்து நேரடியாகப் படிந்திருக்கவும் கூடும் என்பதையும் மறைக்கவில்லை. மேலிருந்து எடுத்த படத்தை வைத்து அதற்கு மேல் சொல்ல முடியாது. இன்று சுற்றிவரும் மார்ஸ் ரிகானசன்ஸ் ஆர்பிட்டரின் கூர்மையான கேமராவில்கூடப் படத்தின் ஒரு புள்ளி (பிக்சல்) என்பது தரையில் சுமார் 25 முதல் 30 சென்டிமீட்டர். அரை மில்லிமீட்டர் கனமுள்ள வரியையும் மணல் துகளையும் அதில் பார்க்க வழியில்லை. வழக்கு தீர வேண்டுமானால் பாறையின் முன்னால் போய் நிற்க வேண்டும்.

அப்படிப் போய் நின்று பார்த்ததில் மிக நீளமான பதிவு கேல் பள்ளத்தில் கிடைத்திருக்கிறது. செவ்வாயின் நடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே, 154 கிலோமீட்டர் அகலமுள்ள மோதல் பள்ளம் இது. நடுவில் தரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் உயரத்துக்கு ஷார்ப் மலை நிற்கிறது. மலை முழுக்க அடுக்குப் பாறை. அடிவாரத்தில் களிமண் கனிமங்கள், அதற்கு மேலே சல்ஃபேட் உப்புகள், இன்னும் மேலே நீரின் தடயம் தெரியாத அடுக்குகள் என்று சுற்றுக்கலங்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தன. 2012 ஆகஸ்டில் கியூரியாசிட்டி ரோவரை அங்கே இறக்கியதற்குக் காரணம் இந்த வரிசைதான்: கீழிருந்து மேலே ஏறினால், பழசிலிருந்து புதுசுக்குப் போகலாம்.

முதல் கேள்வி: துகள் எவ்வளவு பெரியது?

அடுக்கைப் போட்டது யார் என்று கண்டுபிடிக்க முதலில் வேண்டியது துகளின் அளவு. காரணம் எளிது. வேகமான ஓட்டம் பெரிய கல்லை உருட்டும். வேகம் குறைந்தால் மணல் இறங்கும். அசைவே இல்லாத நீரில்தான் களி இறங்கும். காற்றோ மணலைத் துள்ள வைக்கும், தூசியை ஊரெல்லாம் தூக்கிப் போகும், கூழாங்கல்லை ஒன்றும் செய்யாது.

தரையிறங்கிய சில வாரங்களிலேயே கியூரியாசிட்டிக்கு முதல் துப்பு கிடைத்தது. ஹோட்டா என்று பெயரிட்ட இடத்தில், உடைந்த நடைபாதைக் கல்போலத் தூக்கிக்கொண்டு நின்ற ஒரு பாறை. அதில் கூழாங்கற்கள் மணலோடு இறுகிக் கிடந்தன. சில கற்கள் உதிர்ந்து கீழே விழுந்திருந்தன. அளவு 2 மில்லிமீட்டரிலிருந்து 4 சென்டிமீட்டர் வரை, பலவும் முனை மழுங்கி உருண்டவை. அந்த அளவுக் கல்லைக் காற்று நகர்த்தாது. முனை மழுங்க வேண்டுமென்றால் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு கிலோமீட்டர் கணக்கில் உருண்டிருக்க வேண்டும். கல்லின் அளவிலிருந்து ஓட்டத்தைக் கணக்கிட்டபோது வேகம் நொடிக்கு 20 முதல் 75 சென்டிமீட்டர், ஆழம் 3 முதல் 90 சென்டிமீட்டர் என்று வந்தது. கணுக்காலிலிருந்து இடுப்பு வரை நனைகிற ஓடை. இந்த முடிவை மறுத்து யாரும் பெரிதாக வாதாடவில்லை, ஏனென்றால் சந்தேகப் பட்டியலில் இதைச் செய்யக்கூடிய வேறு ஆள் இல்லை.

சிக்கல் ஆரம்பிப்பது மறுமுனையில், கண்ணுக்கே தெரியாத துகள்களில்.

பூமியில் களத்துக்குப் போகும் நிலவியலாளர் ஒரு துணுக்கைப் பெயர்த்து வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பார். நறநறவென்றால் வண்டல், வழவழவென்றால் களி. ரோவருக்குப் பல் இல்லை. அதன் கையில் இருக்கும் பூதக்கண்ணாடிக் கேமரா மிக நெருங்கிப் போனால் ஒரு புள்ளிக்கு சுமார் 14 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) காட்டும். ஒரு துகளை ‘இதுதான் துகள்’ என்று பிரித்தறிய மூன்று நான்கு புள்ளிகளாவது வேண்டும். ஆக, 60 மைக்ரானுக்குக் கீழே போனால் படத்தில் வழவழப்பு மட்டும் தெரியும். ‘துகள் தெரியவில்லை, ஆகவே களிப்பாறை’ என்பது ஒரு ஊகம். நல்ல ஊகம், ஆனால் ஊகம்.

இதற்கு ஒரு சாமர்த்தியமான சுற்றுவழி இருக்கிறது. ரோவரின் கெம்கேம் கருவி 7 மீட்டர் தூரம் வரை லேசரால் பாறையைச் சுட்டு, கிளம்பும் ஒளியிலிருந்து அந்தப் புள்ளியில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று படிக்கும். லேசர் விழும் வட்டம் அரை மில்லிமீட்டருக்குப் பக்கத்தில். ஒரே பாறையில் வரிசையாகவோ கட்டமாகவோ ஒன்பது பத்துப் புள்ளிகளைச் சுடுவார்கள். ஒவ்வொரு புள்ளியிலும் வழக்கமாக 30 முறை லேசர் அடிக்கும். முதல் சில அடிகள் மேலே ஒட்டிய தூசியைத்தான் அளக்கும் என்பதால் அவற்றைத் தள்ளிவிடுவார்கள். பிறகு புள்ளிக்குப் புள்ளி எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பார்கள். துகள்கள் லேசர் வட்டத்தைவிடப் பெரியவை என்றால் ஒரு அடி ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தின் மேலும் அடுத்த அடி பைராக்சீன் என்ற கனிமத்தின் மேலும் விழும். விடைகள் தாறுமாறாக வரும். துகள்கள் மிகச் சிறியவை என்றால் ஒவ்வொரு அடியும் நூற்றுக்கணக்கான துகள்களின் சராசரியை எடுக்கும். எல்லாப் புள்ளியும் ஒரே விடை சொல்லும். இந்தச் சிதறலை அளக்கப் பயன்படுவது, வருமானம் ஒரு நாட்டில் எவ்வளவு ஏற்றத்தாழ்வாகப் பரவியிருக்கிறது என்று பொருளியலாளர்கள் அளக்கும் அதே ஜினி குறியீடு.

இதிலும் தவறு நேரும். பாறையின் விரிசலில் பின்னால் வந்து படிந்த கால்சியம் சல்ஃபேட் கோட்டின் மேல் ஒரு அடி விழுந்தால் போதும், நயமான களிப்பாறைகூட மணற்கல் போலக் கணக்குக் காட்டும். அந்த மாதிரிப் புள்ளிகளைப் படத்தோடு ஒத்துப்பார்த்து ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். எல்லாத் துகளும் ஒரே கனிமமாக இருந்துவிட்டால் தவறு எதிர்ப்பக்கமாகப் போகும்: பருமணல் களிபோலத் தோன்றும்.

பாரம்ப் ஹில்ஸ்: அரை மில்லிமீட்டர் வரிகள்

2014 செப்டம்பரில் ரோவர் ஷார்ப் மலையின் அடிவாரத்தில், பாரம்ப் ஹில்ஸ் என்ற சிறிய மேட்டுக்கு வந்தது. பதினைந்து மீட்டர்கூட இல்லாத அந்தப் பாறைத் தொகுதியை மூன்று முறை நடந்து பார்த்தார்கள். முதல் நடையில் எல்லாவற்றையும் சும்மா படம் எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார்கள். திரும்பி வந்து, தேர்ந்தெடுத்த இடங்களில் தூரிகையால் தூசியைத் தள்ளி, பூதக்கண்ணாடிக் கேமராவையும் எக்ஸ்ரே கருவியையும் வைத்தார்கள். வந்த உடனே அடியில் ஒரு துளை போட்டதைத் தவிர்த்தால், மூன்றாவது நடையில்தான் துளைப்பான். பூமியில் ஒரு பாறை முகப்பை அளக்கும்போது செய்வதும் இதுதான். முதலில் கண்ணில் பட்டதையே உடைத்து எடுத்துக்கொண்டு போகிறவருக்கு எந்தத் துண்டு எந்த அடுக்கைச் சேர்ந்தது என்றே குழம்பிவிடும்.

அங்கே தெரிந்தவை மில்லிமீட்டர் கணக்கிலான, பல இடங்களில் அதற்கும் மெல்லிய வரிகள். ஒன்றுக்கொன்று இணையாக, குறுக்கே வெட்டாமல், மேடு பள்ளமில்லாமல் ஓடுகின்றன. துகள் கண்ணுக்குத் தெரியவில்லை. லேசர் சிதறலும் குறைவு. இப்படிப்பட்ட வரி தேங்கிய நீரின் அடியில் விழுவது வழக்கம். ஆறு கலங்கலாக வந்து ஏரியில் சேரும்போது, அந்தக் கலங்கல் நீர் ஏரி நீரைவிடக் கனமாக இருந்தால் மேலே மிதக்காமல் அடியில் புகுந்து தரையோடு ஓடும்; ஒவ்வொரு கலங்கலுக்கும் ஒரு வரி.

களி இறங்கும் வேகத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது பயனுள்ளது. 10 மைக்ரான் குறுக்களவுள்ள துகள், 20 பாகை வெப்பமுள்ள அசையாத நீரில், பூமியில் ஒரு மீட்டர் இறங்க சுமார் 3 மணி நேரம் எடுக்கும். செவ்வாயின் ஈர்ப்பு பூமியில் இருப்பதில் 38 விழுக்காடு; அங்கே அதே துகளுக்கு ஏறக்குறைய 8 மணி நேரம். நீர் உறைநிலையை ஒட்டிக் குளிர்ந்திருந்தால் அதன் பிசுக்கு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். நேரம் 14, 15 மணியாகிவிடும். ஆகவே செவ்வாய் ஏரியில் சிறு அலசல்கூடக் களியைக் கீழே விடாமல் வைத்திருக்கும். அரை மில்லிமீட்டர் வரிகள் கலையாமல் பதிந்திருக்கின்றன என்றால் அந்த நீரின் அடிப்பகுதி உண்மையிலேயே அமைதியாக இருந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் பலர் செய்யும் ஒரு தவறு உண்டு. 300 மீட்டர் கனமான களிப்பாறை, வரி ஒன்றுக்கு அரை மில்லிமீட்டர், ஆக 6 லட்சம் வரிகள், எனவே 6 லட்சம் ஆண்டுகள் என்று பெருக்கிவிடுவார்கள். பூமியின் பனிப்பிரதேச ஏரிகளில் ஆண்டுக்கு ஒரு ஜோடி வரி விழுவது உண்மைதான். செவ்வாயில் ஒரு வரி ஒரு ஆண்டா, ஒரு வெள்ளமா, ஒரு பிற்பகலா என்று சொல்ல எந்த அளவுகோலும் இல்லை. போதாததற்கு அங்கே ஓர் ஆண்டு நம் கணக்கில் 687 நாள்.

சாய்வு எந்தப் பக்கம்?

தட்டையான வரியைவிடச் சாய்ந்த அடுக்கு அதிகம் பேசும். ஆறு தேங்கிய நீரில் நுழையும் இடத்தில் வேகம் சட்டென்று செத்துவிடுவதால், மணலும் சரளையும் அங்கேயே சரிவாக இறங்கும். களி மட்டும் உள்ளே போய்த் தட்டையாகப் படியும். சரிவின் மேல் ஆறு புதிதாகக் கொட்டிக்கொண்டே முன்னேறும். அதனால் மேலே தட்டை, நடுவில் சாய்வு, அடியில் மறுபடி தட்டை என்ற மூன்று பகுதி அமைப்பு கிடைக்கும். சாய்வு பார்க்கும் திசைதான் ஆறு போன திசை. சாய்வும் மேல்தட்டையும் சந்திக்கும் கோடுதான் அன்றைய நீர்மட்டம்.

இதைப் பாடப்புத்தகப் படம்போலக் காட்டியது கேல் இல்லை. பெர்சிவியரன்ஸ் ரோவர் 2021 பிப்ரவரியில் இறங்கிய ஜெசெரோ பள்ளம். அங்கே கோடியாக் என்ற தனிக் குன்றை 2 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து படம் எடுத்தபோது மூன்று பகுதியும் ஒரே முகப்பில் தெரிந்தன. சந்திப்புக் கோட்டை வைத்துப் பார்த்தால், ஏரியின் மட்டம் அந்தக் காலகட்டத்தில் வெளியேறும் வாய்க்காலைவிட சுமார் 100 மீட்டர் கீழே இருந்திருக்கிறது. அதாவது தண்ணீர் உள்ளே வந்தது, வெளியே போகவில்லை. ஆறு ஏரியில் கொட்டிய அந்த டெல்டாவின் மேல்பகுதியிலோ ஒன்றரை மீட்டர் வரையுள்ள பாறாங்கற்கள் கிடக்கின்றன. அமைதியான ஆறு பிற்காலத்தில் வெள்ளக்காடாக மாறியதன் அடையாளம்.

கேலில் சாய்வு வேறொரு அதிர்ச்சியைத் தந்தது. கிம்பர்லி பகுதியின் மணற்கல் அடுக்குகள் தெற்கே, அதாவது ஷார்ப் மலையை நோக்கிச் சாய்ந்திருந்தன. தண்ணீர் மலைக்கு மேல் ஏறாது. அப்படியானால் அந்த அடுக்குகள் படிந்தபோது அங்கே மலை இல்லை. இப்போது மலை நிற்கும் இடம் அன்று தாழ்வான தரை. ஜான் க்ரோட்ஸிங்கர் தலைமையிலான குழு 2015-இல் இதை வெளியிட்டது. 5 கிலோமீட்டர் மலையின் பிறப்பு பற்றிய கேள்வி அதோடு தலைகீழாகத் திரும்பிவிட்டது: மலை எப்படி எழுந்தது என்று கேட்பதை விட்டு, அதைச் சுற்றியிருந்தது எப்படிப் போயிற்று என்று கேட்க வேண்டியதாயிற்று.

சாய்வும் ஏமாற்றும். மணல்மேட்டின் மறைவுப் பக்கத்திலும் அடுக்குகள் சாய்ந்துதான் விழுகின்றன. பூமியில் ஆற்றையும் காற்றையும் பிரிக்க அளவு உதவும்: காற்று போடும் சிறு அலைவரிகள் விரல்கடை, சாண் கணக்கில் இருக்கும், மணல்மேடு மீட்டர் கணக்கில். செவ்வாயில் இந்த விதி செல்லாது. அங்கே காற்று மிக மெல்லியது, அழுத்தம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் இரண்டு மூன்று மீட்டர் இடைவெளியுள்ள, பூமியின் பாலைவனத்தில் இல்லாத ஒரு நடுத்தர அலைவரி உருவாகிறது. 2015 கடைசியில் பேக்னால்ட் மணல்மேடுகளுக்குப் போனபோது கியூரியாசிட்டி இதை நேரில் அளந்தது. இந்த அலைவரி புதைந்து பாறையானால், அதன் குறுக்கடுக்குகள் (அடுக்குக்குள் சாய்ந்து ஓடும் வரிகள்) ஆற்று மணலின் குறுக்கடுக்குகள் அளவிலேயே இருக்கும். அளவை மட்டும் பார்த்து ‘ஆறு’ என்று எழுதினால் தப்பாகிவிடும்.

சின்னத் தடயங்கள்

ஏரி ஆழமா, மேலே பனி மூடியிருந்ததா, அடிக்கடி வற்றியதா? இவற்றுக்கு விடை சொல்வது உள்ளங்கை அளவுத் தடங்கள்.

வற்றிய கண்மாயில் வண்டல் பாளம் பாளமாக வெடிப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். முதல் தடவை காயும்போது ஒரு வெடிப்பு ஓடும், இன்னொன்று வந்து அதன் மேல் செங்குத்தாக முட்டி நிற்கும். சந்திப்பு T வடிவில் இருக்கும். மறுபடி நனைந்து, மறுபடி காய்ந்து, இதே பலமுறை நடந்தால் சந்திப்புகள் மெல்ல மெல்ல 120 பாகைக்குத் திரும்பி Y வடிவாகும், பாளங்கள் அறுகோணமாகும். ஷார்ப் மலையில் களியிலிருந்து சல்ஃபேட்டுக்கு மாறும் பகுதியில், சில சென்டிமீட்டர் அகலமுள்ள அறுகோணங்கள் உப்பால் இறுகிய விளிம்புகளோடு கிடைத்தன. 2023-இல் வெளியான அந்த ஆய்வு, அங்கே நனைவதும் காய்வதும் மாறி மாறி நடந்தது என்பதற்கு நல்ல சான்று. ஒரே ஒரு வறட்சி இந்த வடிவத்தைத் தராது.

அதே சல்ஃபேட் பகுதியில் இன்னொரு வியப்பு. அது வறண்ட காலத்துப் படிவு என்றே பலரும் எதிர்பார்த்திருந்தார்கள். 2022-இல் ஒரு மெல்லிய, கறுத்த, கடினமான அடுக்கில் அலைத்தடங்கள் தெரிந்தன: உயரம் சுமார் 6 மில்லிமீட்டர், முகட்டுக்கு முகடு 4, 5 சென்டிமீட்டர், இரண்டு பக்கமும் ஒரே சரிவு. இந்தச் சமச்சீர்தான் முக்கியம். ஒரு திசையில் ஓடும் ஆறும் காற்றும் ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் படுத்தும் இருக்கும் தடத்தை விடும். இருபக்கமும் சமமாக இருக்க நீர் முன்னும் பின்னும் ஆடியிருக்க வேண்டும். அதற்கு நீர்ப்பரப்பின் மேல் காற்று நேரடியாகப் பட்டிருக்க வேண்டும், பனிமூடி இருந்திருக்கக் கூடாது. முகட்டு இடைவெளியிலிருந்து கணக்கிட்டால் ஆழம் 2 மீட்டருக்கும் குறைவு.

நிறத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. செவ்வாய்ப் பாறையில் சிவப்பு, சாம்பல் பட்டைகள் தெரிந்தால் அவையும் அடுக்கு என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். கேல் களிப்பாறையில் ஹெமடைட் (ஆக்சிஜன் அதிகம் சேர்ந்த இரும்புக் கனிமம்) அதிகமுள்ள பகுதியும் மேக்னடைட் (ஆக்சிஜன் குறைவாகச் சேர்ந்த இரும்புக் கனிமம்) அதிகமுள்ள பகுதியும் இருக்கின்றன. கரையோர ஆழமற்ற நீர் ஆக்சிஜனேற்றம் கொண்டது, ஆழ்நீர் அப்படியில்லை என்று 2017-இல் ஒரு விளக்கம் வந்தது, அழகான விளக்கம். ஆனால் நிறம் படிந்தபோதே வந்ததா, புதைந்த பிறகு நிலத்தடி நீர் புகுந்து தந்ததா என்ற கேள்வி விடவில்லை. மலையேறும் வழியில் உள்ள வேரா ரூபின் முகட்டில் நிற எல்லைகள் பல இடங்களில் அடுக்கின் போக்கோடு சேராமல் அதைக் குறுக்கே வெட்டிச் செல்கின்றன. அங்கே ஹெமடைட்டுக்குப் பொறுப்பு நிலத்தடி நீர்தான் என்பதே இப்போது வலுவான பக்கம். அந்த முகட்டின் பாறை எவ்வளவு இறுகியது என்றால், 2018-இல் துளைப்பான் இரண்டு இடங்களில் போதிய ஆழம் போக முடியாமல் திரும்பியது.

ஏமாந்த இடங்கள்

ஆப்பர்சூனிட்டி ரோவர் 2004 ஜனவரியில் மெரிடியானி சமவெளியில் இறங்கிய உடனேயே அடுக்குப் பாறையைக் கண்டது. சல்ஃபேட் உப்பு நிறைந்த மணற்கல், அதில் மிளகு பருமனில் ஹெமடைட் உருண்டைகள். மணல்மேடுகளும் அவற்றுக்கிடையே அவ்வப்போது தேங்கிய உப்பு நீரும் என்று குழு முடிவு சொன்னது. 2005 டிசம்பரில் நேச்சர் இதழில் இரண்டு மறுப்புகள் ஒன்றாக வந்தன. ஒன்று, இது பெரிய விண்கல் மோதலில் தரையோடு பாய்ந்த புழுதி வெள்ளத்தின் படிவு என்றது. இன்னொன்று, எரிமலைச் சாம்பலைக் கந்தக ஆவி மாற்றியதால் வந்தது என்றது. புழுதி வெள்ளமும் குறுக்கடுக்கு போடும், உருண்டைகளும் உருவாக்கும். வாதம் வெறும் விதண்டாவாதம் இல்லை.

தராசு குழுவின் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் நெருங்கிப் பார்த்த விவரங்கள். மோதல் மேகத்தில் உருளும் துகள் உருண்டைகள் விழுந்த அடுக்கில் குவிந்து கிடக்க வேண்டும். இங்கே உருண்டைகள் அடுக்கை மதிக்காமல் பாறை முழுக்கப் பரவியிருந்தன, பாறைக்குள்ளேயே வளர்ந்தவைபோல. சில இடங்களில் சென்டிமீட்டர் அளவில், தோரணம்போல் வளைந்த குறுக்கு வரிகள் தெரிந்தன; ஓடும் நீரில் உருவாகும் வளைந்த மணல் அலைகள் விடும் தடம் அது.

ஜெசெரோவில் நடந்தது இதைவிடப் பாடம். பள்ளத்தின் தரையில் அடுக்கடுக்கான பாறைகள் தெரிந்தன. ஏரிப் படிவாக இருக்கலாம் என்ற எதிர்பார்ப்பும் இருந்தது. மேல்தோலை 5 சென்டிமீட்டர் வட்டத்துக்குத் தேய்த்து எடுத்துவிட்டுப் பார்த்தபோது, ஆலிவின் என்ற கனிமத்தின் மில்லிமீட்டர் அளவுப் படிகங்களைப் பைராக்சீன் சுற்றிப் பிடித்திருந்தது. உருண்டு வந்த துகள்கள் அப்படி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வளராது. உருகிய பாறைக் குழம்பில் கனமான படிகங்கள் அடியில் இறங்கிச் சேர்ந்த தீப்பாறை அது. சந்தேகப் பட்டியலில் ஏழாவதாக ஒரு ஆளைச் சேர்க்க வேண்டியிருந்தது.

மலையைச் செதுக்கியது யார்?

கேல் பள்ளம் ஒரு காலத்தில் விளிம்பு வரை நிரம்பி, பிறகு ஓரங்களிலிருந்து காற்று அரித்து நடுவில் மிச்சம் விட்டதுதான் ஷார்ப் மலை என்பது ஒரு கருத்து. எட்வின் கைட்டும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் வேறொன்று சொன்னார்கள். மலையின் அடுக்குகள் மையத்திலிருந்து வெளியே சில பாகை சாய்ந்திருப்பதைச் சுட்டி, சரிவுகளில் இறங்கும் காற்று ஓரங்களைத் துடைத்துக்கொண்டே இருக்க, நடுவில் மட்டும் தூசியும் மணலும் சேர்ந்து மலை தானாக வளர்ந்தது என்றார்கள். இதற்கு மறுப்பும் இருக்கிறது: படிவு கனமாக இருக்கும் இடத்தில் அதிகமாக அமுங்கும், தட்டையாகப் படிந்த அடுக்குகூட அமுங்கிய பிறகு அந்தப் பக்கம் சாயும்.

புதைந்த பாறை எவ்வளவு எடையைத் தாங்கியது என்று தெரிந்தால் வழக்கு கொஞ்சம் நகரும். அதற்குத் தேவையான கருவி ரோவரில் இல்லை. ஆனால் ரோவர் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று அறிய முடுக்கமானிகள் இருந்தன, ஃபோனில் திரை திரும்புவதற்கு இருப்பதுபோல. கெவின் லூயிஸ் குழு, ரோவர் நின்ற நேரங்களில் பதிவான 700-க்கும் மேற்பட்ட அளவுகளை எடுத்து, வெப்பத்தாலும் சாய்வாலும் வரும் பிழைகளைக் கழித்து, அவற்றை ஈர்ப்பு அளவுகளாக மாற்றியது. மலையேற ஏற ஈர்ப்பு குறைய வேண்டும். காலடியில் சேரும் பாறை அந்தக் குறைவில் கொஞ்சத்தை ஈடுகட்டும். ஈடுகட்டிய அளவிலிருந்து பாறையின் அடர்த்தி கன மீட்டருக்கு 1,680 கிலோ என்று 2019-இல் வந்தது. பிழை 180 கிலோ. துகள்களின் அடர்த்தியோடு ஒப்பிட்டால் பாறையில் 40 விழுக்காடு வெற்றிடம். பல கிலோமீட்டர் சுமையைத் தாங்கிய பாறை இவ்வளவு பொத்தலாக இருக்காது. பள்ளம் விளிம்பு வரை நிரம்பியிருந்தது என்ற கருத்துக்கு இது பலத்த அடி.

மலையின் உச்சி, பள்ளத்தின் வடக்கு விளிம்பைவிட உயரம் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். பாத்திரத்தின் விளிம்புக்கு மேல் தண்ணீர் நிற்காது. உச்சி அடுக்குகளுக்கு ஏரியைக் காரணம் காட்ட வழியில்லை. கீழே ஏரியும் ஆறும், மேலே போகப் போகக் காற்று என்பதே என் கணிப்பிலும் பொருத்தமான வரிசை. கீழ்ப்பகுதியிலேயே அதற்கு ஒரு முன்னோட்டம் இருக்கிறது: ஸ்டிம்சன் மணற்கல். ஏரிக் களி பாறையாக இறுகி, வெளியே வந்து, அரிக்கப்பட்டு, சரிவான பரப்பான பிறகு, அந்தச் சரிவின் மேலேயே மணல்மேடுகள் ஏறிப் படுத்து அவையும் பாறையாயின. இரண்டுக்கும் இடையே எவ்வளவு காலம் போயிற்று என்று அந்த எல்லைக்கோடு சொல்லாது. மலை அதற்குள் ஓரளவு வடிவம் எடுத்துவிட்டது என்று மட்டும் சொல்லும்.

காற்று போட்ட அடுக்குக்கும் ஒரு தாளம் இருக்க முடியும். அரேபியா டெர்ரா பகுதியின் பெக்கரல் பள்ளத்தில் அடுக்குகள் சராசரி 3.6 மீட்டர் கனத்தில், பத்துப் பத்தாகக் கட்டுக் கட்டி நிற்கின்றன. செவ்வாயின் அச்சுச் சாய்வு சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. அந்த ஆட்டத்தின் வீச்சு சுமார் 12 லட்சம் ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைகிறது. பத்துக்கு ஒன்று என்ற அதே விகிதம். 2008-இல் வந்த இந்த விளக்கம், காற்றில் வரும் தூசியின் அளவைத் தட்பவெப்பம் கூட்டிக் குறைத்ததாகக் கொள்கிறது. அங்கே ரோவர் எதுவும் போகவில்லை.

வயதைக் கணக்கிடப் போனால் இன்னொரு முடிச்சு. 2013-இல் கம்பர்லாண்ட் என்ற களிப்பாறையைத் துளைத்து, பொட்டாசியமும் ஆர்கானும் இருந்த அளவை வைத்து ரோவரே வயது சொன்னது: 421 கோடி ஆண்டு, பிழை 35 கோடி. வேற்றுக் கிரகப் பாறை ஒன்றுக்கு அங்கேயே வைத்து வயது கண்டது அதுவே முதல் முறை. ஆனால் கேல் பள்ளம் உண்டானதே அதற்குப் பல கோடி ஆண்டு பின்னால். பாத்திரத்தைவிட அதிலுள்ள களிக்கு வயது அதிகம் என்று வந்தால், கருவி அளந்தது ஏரியின் வயதை அல்ல, விளிம்பிலிருந்து கரைந்து வந்த துகளின் வயதை. அதே மாதிரியில் அண்டக் கதிர்கள் விட்ட வாயுக்களை எண்ணியபோது, பாறை மேலே வந்து வெயில் பட்டு வெறும் 7.8 கோடி ஆண்டுதான், பிழை 3 கோடி, என்று தெரிந்தது. மேலிருந்ததைக் காற்று அண்மைக்காலம் வரை உரித்துக்கொண்டிருந்திருக்கிறது. பாரம்ப் ஹில்ஸில் துளைத்த மொஹாவி மாதிரியில், நீர் புகுந்து உருவாக்கிய ஜரோசைட் உப்பைத் தனியாகச் சூடாக்கிப் பிரித்துக் கண்ட வயது 212 கோடி ஆண்டு, பிழை 36 கோடி. ஏரி வற்றி நூறு கோடி ஆண்டுக்கும் மேலான பிறகு அந்தக் களிப்பாறையின் இடுக்குகளில் நீர் கசிந்திருக்கிறது.